வாண்டா வேர் நாலடி தொங்கினால் என்ன செய்வது?

கேள்வி இதுதான். 100 சதுர மீட்டர் நிழல்வலைக் குடில். மேலே கம்பியில் வாண்டா, ஓரத்துப் பாத்தியில் மொக்காரா, வாண்டாவுக்குக் கீழே பெஞ்சில் ஃபலனாப்சிஸ். மூன்றுமே ஆர்க்கிட் செடிகள். மூன்று வருடத்தில் வாண்டா வேர்கள் நாலடி இறங்கி, கீழிருக்கும் தொட்டிகளுக்குள் புகுந்துவிட்டன. சில வேர்கள் பக்கவாட்டு வலையைப் பிடித்துக்கொண்டன. ஃபலனாப்சிஸ் வேர்களும் தொட்டியை விட்டு வெளியே வந்து பெஞ்சுச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டன. எல்லாவற்றையும் ஒரே மட்டமாகக் கத்தரித்துவிடலாமா, தொட்டிக்குள் மடக்கிவிடலாமா, அப்படியே விடலாமா?

உயிருள்ள வேரை அழகுக்காக வெட்ட வேண்டாம். காற்றிலேயே வளர்ந்து முற்றிய வேரை ஈரக் கலவைக்குள் புதைக்கவும் வேண்டாம். வேர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அது விரல் நீளம் இருக்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். நாலடி வளர்ந்த பிறகு அதில் நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் வேரை நன்றாக நனைத்த பிறகே செய்ய வேண்டும்.

ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை குறையும். காற்றுவேரின் வெளியே வெள்ளையாகத் தெரிவது வேலமென் என்கிற பஞ்சுத் தோல். உயிரற்ற வெற்றுச் செல்கள் பல அடுக்காக அமைந்தது. காய்ந்திருக்கும்போது அந்தச் செல்களுக்குள் காற்று நிற்பதால் வேர் வெள்ளி நிறமாக இருக்கும். தண்ணீர் பட்டால் காற்று போய் நீர் நிரம்பும். அப்போது உள்ளே இருக்கும் பச்சையம் தெரியும். ஆம், இந்த வேர்கள் ஒளிச்சேர்க்கையும் செய்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் டேனியோபில்லம் என்றொரு சின்ன ஆர்க்கிட் உண்டு. அதற்கு இலையே கிடையாது. பட்டையில் படர்ந்த வேர்கள்தான் இலையின் வேலையையும் பார்க்கின்றன. வாண்டா அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் அதன் தொங்கும் வேரை இலைக்கும் வேருக்கும் நடுவான ஓர் உறுப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சமும் காற்றும் கிடைத்து வளர்ந்த அதை இருட்டான ஈரத்துக்குள் திடீரென்று திணித்தால் மூச்சடைத்து அழுகும். அழுகல் அதே வேர் வழியாகத் தண்டை நோக்கி ஏறவும் செய்யும்.

நனைந்த பச்சை வேரில் அங்கங்கே நனையாத வெள்ளைக் கீற்றுகள் தெரியும். அவை காற்றுப் போக்குவரத்துக்கான வாசல்கள். பூஞ்சை என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் நிறையப் பேர், தேவையில்லை.

வாண்டாவின் வேர் நீளுவது நோய்க் குறியும் இல்லை, உங்கள் பராமரிப்பில் குறையும் இல்லை. நம் சமவெளியில் மாமரத்திலும் புளியமரத்திலும் தொற்றி வளரும் வாண்டா டெசெலாட்டாவைப் பார்த்திருப்பீர்கள். அதன் வேர்கள் பட்டையைப் பிடித்துக்கொண்டு கிளை நெடுகப் போகும். குடிலில் பட்டை இல்லை, ஈரக் காற்று இருக்கிறது, எனவே கீழே தொங்குகிறது. ஃபலனாப்சிஸ் கதை கொஞ்சம் வேறு. இலை இடுக்கிலிருந்து ஓரிரண்டு வேர் வெளியே நீட்டுவது அதற்கும் இயல்புதான். ஆனால் புது வேர் அத்தனையும் தொட்டியைத் தவிர்த்து வெளியே ஓடினால், உள்ளே கலவை மக்கியிருக்கிறது, அல்லது உப்பேறிக் கிடக்கிறது, அல்லது செடி உயர்ந்துபோய் வேர் விடும் கணு கலவைக்கு மேலே வந்துவிட்டது. அந்தச் செடிகளை முதலில் தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள்.

இப்போது வேர் நுனி. எதைச் செய்வதற்கு முன்னும் பார்க்க வேண்டிய இடம் அது. வளர்கிற வேரின் கடைசி ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் வரை பளபளவென்று பச்சையாகவோ கருஞ்சிவப்பாகவோ இருக்கும். வெள்ளைத் தோல் இன்னும் மூடாத பகுதி. நகம் பட்டாலே காயமாகும். நுனி வரை வெள்ளை மூடியிருந்தால் வேர் சாகவில்லை, ஓய்வில் இருக்கிறது. காற்றில் ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே போகும் சித்திரை வெயிலிலும், குளிர் இரவுகளிலும் இப்படி ஆகும். ஈரம் 60 முதல் 80 சதவீதத்துக்குத் திரும்பினால் பெரும்பாலும் அதே நுனி மறுபடி பச்சை விடும். நுனி கருகிச் சுருங்கியிருந்தால் உப்பு, கொதிக்கும் தண்ணீர், கடுமையான மருந்து, இந்த மூன்றில் ஒன்று. நுனி கடித்தெடுத்தது போல் மொட்டையாக இருந்தால் கரப்பான் அல்லது நத்தை. நுனி போன வேர் அதோடு முடிந்துவிடுவதில்லை. சற்றுப் பின்னாலிருந்து ஒன்றிரண்டு கிளை வேர்கள் வரும். இதை வைத்துத்தான் சிலர் நுனியைக் கிள்ளினால் வேர் அடர்த்தியாகும் என்று யோசனை சொல்கிறார்கள். அடர்த்தியாகும்தான். ஆனால் அந்தக் கிளை வேர்கள் வெளியே வரும்வரை செடிக்கு அந்த வேரில் வளர்ச்சி நின்றுபோகும். கரப்பான் இலவசமாகச் செய்யும் வேலையை நாம் கத்தரி எடுத்துச் செய்ய வேண்டியதில்லை.

ஒட்டிய வேரைப் பிரிப்பதுதான் உங்களுக்கு உடனடி வேலை. பெஞ்சுச் சட்டத்தைத் தொட்ட பக்கத்தில் வேர் தட்டையாகியிருக்கும். அங்கே முளைத்த நுண்ணிய வேர்த்தூவிகள் பரப்பின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். காய்ந்த நிலையில் இழுத்தால் வேலமென் உறை சட்டத்திலேயே தங்கிவிட, நடு நரம்பு மட்டும் நூலாக உங்கள் கையில் வரும். எனவே முதலில் ஒட்டிய பகுதி முழுவதையும் நனைந்த பருத்தித் துணியால் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். துணியை எடுக்கும்போது வேர் முழுக்கப் பச்சையாகி, ரப்பர் குழாய் போல வளைந்து கொடுக்க வேண்டும். இன்னும் வெள்ளைத் திட்டு இருந்தால் மறுபடி நனைத்துவிட்டுக் காத்திருங்கள். பிறகு தூண்டில் நரம்பை ஒரு சாண் எடுத்து, வேருக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்து, அறுப்பது போல இடமும் வலமுமாக மெல்ல நகர்த்துங்கள். முற்றிய பக்கத்தில் ஆரம்பித்து நுனியை நோக்கிப் போக வேண்டும். நுனிப் பக்கம் தொடங்கினால் முதல் இழுப்பிலேயே பச்சை முனை முறியும். தூண்டில் நரம்பு நுழையாத இடத்தில் பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தை இலேசாகச் செருகலாம். வேரை மேலே தூக்காதீர்கள். சட்டத்தோடு சட்டமாகப் படுக்க வைத்தே உரியுங்கள்.

வழியில் "பட்" என்று சத்தம் கேட்டால் பதற வேண்டாம். பெரும்பாலும் வெளித்தோல்தான் விரிசல் விட்டிருக்கும். உள்ளே வேரின் நடு நரம்பு அறுபடாமல் இருந்தால் அந்த வேர் அதற்குக் கீழேயும் பிழைக்கும். காயத்தை ஒரு நாள் காய விடுங்கள், அன்று உரம் கொடுக்காதீர்கள், அவ்வளவே.

எதில் ஒட்டியிருக்கிறது என்பதும் முக்கியம். பிளாஸ்டிக்கிலிருந்து சுலபமாக வரும். சுட்ட மண்தொட்டியிலிருந்து வரவே வராது. வேரா தொட்டியா என்ற கேள்வி வந்தால் தொட்டியை உடையுங்கள். வேரில் ஒட்டிய ஓட்டுச் சில்லை அப்படியே விட்டுவிட்டால் செடிக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. தேக்குக் கூடையில் பின்னிப்போன வாண்டாவையும் பிரிக்க முயல வேண்டாம். கூடை உளுத்திருந்தால் அதை அப்படியே ஓரளவு பெரிய கூடைக்குள் வைத்துக் கம்பியால் இறுக்குங்கள். பழைய சட்டம் உள்ளே தானாக மக்கிப் போகும். கட்டும் கம்பி செம்பாக இருக்கக் கூடாது. செம்பு படும் இடத்தில் ஆர்க்கிட் வேர் கருகும். பிளாஸ்டிக் உறையுள்ள கம்பி நல்லது.

பக்கத்துத் தொட்டிக்குள் நுழைந்த வேர் என்றால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரு விரல் அளவு என்றால் அந்தத் தொட்டியை நன்றாக நனைத்து, மேல் கலவையைக் கையால் அகற்றி எடுத்துவிடலாம். உள்ளே போய்க் கிளைத்துவிட்டது என்றால் அந்தத் தொட்டியைக் கலவை மாற்றும் நாள்வரை அப்படியே விடுவதே மேல். ஒரே விலக்கு: அந்தப் பக்கத்துச் செடியின் இலையில் மொசைக் திட்டோ வளையப் புள்ளியோ இருந்தால் காத்திருக்க வேண்டாம். சிம்பிடியம் மொசைக் வைரஸும் ஓடோன்டோகுளோசம் ரிங்ஸ்பாட் வைரஸும் செடியின் சாறு வழியாகப் பரவுபவை. பின்னிப் பிணைந்த வேர்கள் உரசிக் காயப்படும்போதும், ஒரே கத்தரி இரண்டு செடியைத் தொடும்போதும் அவை கைமாறும். அங்கே மட்டும் வாண்டா வேரைத் தொட்டிக்கு ஒரு சாண் மேலே வெட்டி, உள்ளே போன துண்டைக் கைவிட்டுவிடுங்கள்.

வெட்டுவது பற்றி. செத்த வேரை வெட்டலாம், ஆனால் செத்துவிட்டது என்று நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. தொட்டிக்குள் இருட்டில் இருந்த வேர் பழுப்பாகத்தான் இருக்கும். இறுக்கமாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. பத்து நிமிடம் நீரில் போடுங்கள். உயிருள்ள காற்றுவேர் பச்சையாகும். செத்தது காக்கி நிறமாகவே நிற்கும், விரலால் அழுத்தினால் உள்ளே வெறுமையாக அமுங்கும், இழுத்தால் உறை கழன்றுவரும். நடுவில் ஒரு இடம் மட்டும் அமுங்கி, அதற்குக் கீழே இறுக்கமாக இருந்தால் வெட்டாமல் மூன்று வாரம் பாருங்கள். நரம்பு வேலை செய்துகொண்டிருக்கலாம். வெட்டும்போது உயிருள்ள பகுதிக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி, செத்த பாகத்திலேயே வெட்டுங்கள். அப்போது புதுக் காயமே உண்டாகாது. செடியைக் கூடையில் நிறுத்திவைத்திருக்கும் செத்த வேர்கள் நாலைந்து இருந்தால் அவற்றை விட்டுவைப்பதில் தப்பில்லை. செடி ஆடினால் புது நுனிகள் உரசித் தேயும்.

பிளேடு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு செடிக்கு ஒரு புது ஷேவிங் பிளேடு. அல்லது கத்தரியின் இரு அலகையும் கேஸ் டார்ச்சில் நன்றாகக் காய்ச்சி, ஆறவிட்டு, அடுத்த செடிக்குப் போகலாம். ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டால் போதும் என்பது வைரஸ் விஷயத்தில் நம்பத் தகுந்ததல்ல. உயிருள்ள பாகத்தில் வெட்டு விழுந்திருந்தால் மட்டும் வெட்டு முகத்தில் ஒரு சிட்டிகை இலவங்கப்பட்டைப் பொடி வையுங்கள். அது ஈரத்தை உறிஞ்சிக் காயத்தை உலர்த்தும். அதே காரணத்தால் வேர் முழுக்கத் தூவினால் நல்ல வேரையும் உலர்த்திவிடும்.

உயிருள்ள வேரைக் குறைத்தே தீர வேண்டிய நேரமும் வரும். பார்சல் அனுப்பும்போது, வழியில் போவோர் மேல் உரசும்போது. அப்போது செடியில் வேறு வேர்களில் பச்சை நுனி தெரியும் காலமாகப் பாருங்கள். மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் போகக் கூடாது. இரண்டு நாள் நனைக்காமல் காய விடுங்கள், ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நிழல் கொடுங்கள். கடலோர மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். காயம் உலர நேரமே கிடைக்காது. ஆனி, ஆடி வசதியான காலம்.

வளைப்பது வெட்டுவதைவிட நல்லது, ஆனால் அதற்கும் ஒரு முறை உண்டு. முற்றிய வேரை இருபது நிமிடம் ஊறவைத்தால் பெரிய வட்டமாக வளையும். சின்ன வட்டத்துக்கு முயன்றால் முறியும். நுனியிலிருந்து குறைந்தது பத்து சென்டிமீட்டர் பின்னால்தான் வளைவு விழ வேண்டும். புது வேர் என்றால் இன்னும் சுலபம். அது விரல் நீளம் வந்ததும், கூடைக்கு உள்பக்கம் திரும்பும்படி மெல்லிய சணல் நூலால் இளக்கமாக இழுத்து வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் போதும். கலவைக்குள் பச்சை நுனியோடு தானாக நுழைந்த வேர் அந்த ஈரத்துக்குப் பழகியே வளரும், அது அழுகாது. வெளியே முற்றியதை உள்ளே திணிப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

தொங்கும் வேர்களைக் கொத்தாகச் சேர்த்துக் கட்டி வைப்பதைப் பல குடில்களில் பார்க்கலாம். பார்க்கச் சுத்தமாக இருக்கும். கட்டுக்குள் இருக்கும் வேர் மட்டும் நாள் முழுக்கக் காயாமல் கிடந்து அழுகும். கட்டாயம் சேர்க்க வேண்டும் என்றால் ஒரே இடத்தில், வளையல் அகலத்துக்கு ஒரு தளர்ந்த வளையம். அதற்குள் வேர்கள் தனித்தனியாக ஆடும்படி இருக்கட்டும்.

நாலடி வேரை வைத்திருப்பவர்களுக்கு உண்மையான சவால் தண்ணீர். மேலிருந்து தெளித்தால் இலைகள் குடையாக மறைத்துவிடும். வேரின் கீழ்ப்பாதிக்குச் சொட்டு மட்டுமே போகும், நுனி காய்ந்து வெள்ளை மூடிவிடும். பூவாளித் தலை மாட்டிய குழாயைக் கீழே கொண்டுபோய், வேரை அடியிலிருந்து மேலே நனைத்துக்கொண்டு வாருங்கள். வேலமென் சில நொடிகளிலேயே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அங்கிருந்து உள்ளே இருக்கும் உயிர்ச் செல்களுக்கு நீர் போக, அடித்தோலில் ஆங்காங்கே உள்ள வழிச் செல்கள் மூலம் நேரமாகும். ஆகவே ஒரே தடவை கொட்டுவதைவிட மூன்று சுற்று நல்லது. முதல் சுற்று முடிந்து பத்து நிமிடத்தில் இரண்டாவது, இன்னொரு பத்து நிமிடத்தில் மூன்றாவது. கடைசிச் சுற்றுக்குப் பிறகு கண்ணில் ஒரு வெள்ளைத் திட்டும் படக் கூடாது. மாலைக்குள் எல்லாம் மறுபடி வெள்ளியாகிவிட வேண்டும். இரவிலும் பச்சையாகவே இருக்கிறது என்றால் காற்றோட்டம் போதவில்லை. தண்ணீரைக் குறைப்பதற்கு முன் ஒரு மின்விசிறி போடுங்கள்.

சித்திரை, வைகாசியில் கூடையில் கலவையே இல்லாத வாண்டாவுக்குக் காலை ஏழு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு முன் ஒன்று என இரண்டு வேளை தேவைப்படும். மழை நாளில் ஒன்றும் தேவையில்லை. மதியம் தண்ணீர் விடுவதென்றால் வெயிலில் கிடந்த கருப்புக் குழாயில் தேங்கிய நீரை முதலில் தரையில் ஓடவிட்டுக் கையால் தொட்டுப் பாருங்கள். அந்த முதல் இரண்டு லிட்டர் வரிசையின் முதல் செடிகளின் நுனிகளைத்தான் வேக வைக்கும். ஒரு பக்கத்துச் செடிகளுக்கு மட்டும் நுனி கருகுகிறது என்றால் காரணம் பல சமயம் இதுதான்.

போர்வெல் தண்ணீரை, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள். 200 பி.பி.எம். வரை கவலை இல்லை. அதற்கு மேல் போகப் போக வேரின் மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் படலம் ஏறி வேலமெனின் துளைகளை அடைக்கும், நுனி கருகும். 900 பி.பி.எம். போர் தண்ணீர் ஒரு பங்குக்கு மழைநீர் மூன்று பங்கு கலந்தால் ஏறக்குறைய 225-க்கு வந்துவிடும். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 1000 லிட்டர். ஆர்க்கிட் வளர்ப்பவருக்கு விலை உயர்ந்த உரத்தைவிட ஒரு தொட்டி மழைநீர் லாபம்.

உரம் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. முதலில் வெறும் நீரால் நனைத்து, பிறகு உரநீர் விட வேண்டும் என்பது பழைய பழக்கம். வேர் கருகாமல் இருக்க. இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது. காட்டில் மழை தொடங்கும்போது கிளையைக் கழுவிக்கொண்டு வரும் முதல் நீரில்தான் சத்து அதிகம், காய்ந்த வேலமென் அதைத்தான் பிடித்து வைக்கிறது. நீர் நிறைந்த பஞ்சு பிறகு வரும் உரத்தை அவ்வளவாக எடுக்காது. என் கணிப்பில் இரண்டும் அளவைப் பொறுத்தவை. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம் என்று மெலிதாகக் கொடுத்தால் காய்ந்த வேரிலேயே முதல் சுற்றாக விடுங்கள், வாரம் இரண்டு தடவை. லிட்டருக்கு ஒரு கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் நனைத்த பிறகுதான், வாரம் ஒரு தடவை. வாரத்தில் ஒரு நாள் வெறும் நீரால் நிறையக் கழுவிவிடுவது இரண்டு முறைக்கும் பொது. தண்ணீரும் உரமும் சேர்ந்து இ.சி. (நீரில் கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன்) 1 mS/cm-ஐத் தாண்ட வேண்டாம்.

இனி இடம். வெளிப்படையாகச் சொன்னால், வாண்டாவுக்குக் கீழே ஃபலனாப்சிஸ் வைத்ததில்தான் உங்கள் சிக்கலின் பாதி இருக்கிறது. ஏன் வைத்தீர்கள் என்பது புரிகிறது: வாண்டாவுக்கு 50 சதவீத நிழல் போதும், ஃபலனாப்சிஸுக்கு 75 வேண்டும், மேலே தொங்குவது கீழே உள்ளதற்கு இலவச நிழல். ஆனால் மேலிருந்து சொட்டும் உரநீர் ஃபலனாப்சிஸின் குருத்துக்குள் தேங்கி அழுகலைக் கொண்டுவரும், மேல் செடியின் நோயும் அதே சொட்டில் இறங்கும். வாண்டா வரிசைக்குக் கீழே பெஞ்சை எடுத்துவிட்டு ஜல்லி பரப்பி வையுங்கள். ஃபலனாப்சிஸுக்குத் தனி மூலையில் இரண்டாவது வலை கட்டிக்கொள்ளலாம். கூடையின் அடி தரையிலிருந்து ஆறடி உயரத்தில் இருந்தால் நாலடி வேருக்குப் பிறகும் இரண்டடி மிஞ்சும். வேர் தரையைத் தொட விடாதீர்கள். நத்தைக்கு அது ஏணி. செடிக்குச் செடி ஒன்றரை அடி விட்டால் வேர்கள் காற்றில் ஆடினாலும் பின்னாது.

கரப்பானுக்கும் நத்தைக்கும் இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பார்ப்பதே சரியான ஆய்வு. பகலில் அவை கூடையின் கரித்துண்டுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். கூடையை வாளி நீரில் இருபது நிமிடம் முக்கினால் கரப்பான்கள் மேலே ஏறி வரும். நத்தைக்கு ஒரு வெள்ளரித் துண்டைத் தரையில் வைத்து விடிகாலையில் பொறுக்கலாம்; நிறைய இருந்தால் இரும்பு பாஸ்பேட் குருணை. காப்பர் கலந்த பூஞ்சணக் கொல்லியைப் பச்சை நுனி ஓடும் காலத்தில் வேர் மேல் அடிக்க வேண்டாம்.

ஃபலனாப்சிஸைப் புதுத் தொட்டிக்கு மாற்றுவது இப்படி. செடியை வெளியே எடுத்து, மக்கிய வேர்களை நீக்கி, தண்டின் அடியில் காய்ந்த கட்டை இருந்தால் உயிருள்ள வேர் தொடங்கும் இடம்வரை வெட்டுங்கள். அப்போதுதான் மேலிருந்து வேர் விடும் கணு கலவையின் மட்டத்துக்கு இறங்கும். செடியை முழுதாக அரை மணி நேரம் ஊறவைத்து, வளைந்து கொடுக்கும் வேர்களை மட்டும் தொட்டியின் சுவர் ஓரமாகச் சுழற்றி இறக்குங்கள். விறைப்பாக நிற்பது வெளியேயே நிற்கட்டும். சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் பாதிப் பாதி. மட்டையை மூன்று நாள், தினம் நீர் மாற்றி ஊறவைத்து உப்பும் கறையும் போன பிறகே பயன்படுத்த வேண்டும். ஸ்பாக்னம் பாசி வைத்து இறுக்குவது ஈரம் அதிகமுள்ள நம் குடில்களுக்கு ஒத்துவராது. உள்ளே போன காற்றுவேரில் ஒன்றிரண்டு எப்படியும் அழுகும். புது வேர் வந்து ஈடுகட்டும்.

மொக்காராவுக்கு நீண்ட காற்றுவேர் சொத்து. 1969-ல் சிங்கப்பூரில் உருவான இந்தக் கலப்பில், கொடிபோல் ஏறும் அராக்னிஸ் ஒரு பெற்றோர். தண்டு உயர உயர வேர் விடுவது அதன் வழி வந்த குணம். இடுப்புக்கு மேல் போய், அடி இலைகள் உதிர்ந்த செடியில், குறைந்தது மூன்று நல்ல வேர் இருக்கும்படி மேலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி வெட்டி எடுங்கள். வெட்டு முகத்தை ஒரு நாள் காய வைத்து, குச்சியில் கட்டி, அடித்தண்டு பாத்தியின் தேங்காய் மட்டை அடுக்கைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நிறுத்துங்கள். தண்டைப் புதைத்தால் அழுகும். வேர்களை மட்டைகளின் மேல் பரப்பி மட்டும் விடுங்கள். புது நுனிகள் தாமாக உள்ளே இறங்கும். அடிக்கட்டையில் இலை நாலைந்து மிச்சம் இருந்தால் அதுவும் பக்கக் கன்று விடும். உயரமாகி அடி மொட்டையான வாண்டாவுக்கும் இதே வைத்தியம்தான், ஆனால் குறைந்தது ஐந்து வேர் வேண்டும், அது மொக்காராவைவிட மெதுவாகத் தேறும்.

வலையைப் பிடித்துக்கொண்ட வேர்கள் பாக்கி. அவற்றைப் பிரிக்க நேரம் செலவழிக்க வேண்டாம். நனைத்து உரித்தாலும் வலையின் கண்களுக்குள் புகுந்த வேர் அறுந்துதான் வரும். அடுத்து வலை மாற்றும்போது வேரைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குப் பழைய வலையைச் சதுரமாக வெட்டி, அதை வேரோடு தொங்க விட்டுவிட்டுப் புது வலையை ஒரு அடி தள்ளிக் கட்டுங்கள்.